வாத்தியமில்லாத முக்கால் நிமிடம்

பாட்டு தொடங்கி முக்கால் நிமிடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரு வாத்தியம்கூட வரவில்லை. டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, தாளம் போட ஒரு விரல்கூட இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விடைபெறுகிற மாதிரி ஒரு பெண்குரல் மட்டும். 1992-இல் வெளியான 'தி பாடிகார்டு' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பாடகியும் இல்லை, இசைத் தயாரிப்பாளரும் இல்லை. படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர். இதை எந்த ரேடியோவில் போடுவார்கள் என்று இசைக் கம்பெனிப் பக்கம் தயங்கினார்கள். போட்டார்கள். எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று வாராவாரம் வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அந்தப் பாட்டு 14 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன் எந்தப் பாட்டும் அத்தனை வாரம் அங்கே இருந்ததில்லை.

விட்னி என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது அதே பாட்டின் கடைசிப் பகுதி. மேலே மேலே ஏறி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற அந்த முழக்கம். குளியலறையில், கல்லூரி விழா மேடையில், டிவி பாட்டுப் போட்டியில் என்று உலகம் முழுக்க ஆட்கள் எட்டிப் பிடிக்க முயன்று தொண்டையைக் கெடுத்துக்கொள்வது அந்த இடத்தில்தான். என் கட்சி வேறு. அந்தக் குரலின் பலம் அது எவ்வளவு சத்தமாக ஒலித்தது என்பதில் இல்லை. எங்கே சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டது என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார், அதை வைத்து எப்படி வியாபாரம் நடந்தது, பிறகு அது எப்படிக் கைநழுவியது என்று பார்த்தால் விட்னியின் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும்.

அவர் பிறந்தது 1963 ஆகஸ்ட் 9, நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில். நான்கு வயது ஆகும் முன்பே, 1967 ஜூலையில், அந்த நகரம் பற்றி எரிந்தது. ஒரு கறுப்பின டாக்ஸி ஓட்டுநரைப் போலீசார் அடித்ததில் தொடங்கிய கலவரம். 26 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு குடும்பம் பக்கத்திலிருந்த ஈஸ்ட் ஆரஞ்சுக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நியூவர்க்குக்குத்தான். அங்கே நியூ ஹோப் பாப்டிஸ்ட் சபையில் பாடகர் குழுவை நடத்தியவர் அம்மா சிஸ்ஸி ஹூஸ்டன். பதினோரு வயதில் விட்னி முதன்முதலாகத் தனியாக நின்று பாடியதும் அந்தச் சபையில்தான்.

சிஸ்ஸியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 'விட்னியின் அம்மா' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடக்கூடிய ஆள் இல்லை. உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து டிரிங்கார்ட் சிங்கர்ஸ் என்ற காஸ்பல் குழுவில், அதாவது கறுப்பினச் சபைகளின் பக்திப் பாட்டுக் குழுவில், சிறுமியாக இருந்தபோதே பாடியவர். பிறகு ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற குழுவோடு அரீத்தா ஃபிராங்க்ளினுக்கும் எல்விஸ் பிரெஸ்லிக்கும் பின்னணியில் நின்று பாடியவர். பிரபல பாடகி டியோன் வார்விக் சிஸ்ஸிக்கு அக்கா மகள். அதாவது அந்த வீட்டில் பாட்டு என்பது பொழுதுபோக்கு இல்லை, தொழில்.

பின்னணிப் பாடகி என்ற தொழிலை யோசித்துப் பாருங்கள். முன்னால் நிற்பவரின் குரல் எங்கே முடிகிறதோ அங்கே ஆரம்பிக்க வேண்டும். அவர் மூச்செடுக்கும் நேரத்தில் இடத்தை நிரப்ப வேண்டும், அவர் திரும்பி வந்ததும் ஒதுங்கிவிட வேண்டும். மற்ற இரண்டு மூன்று குரல்களோடு ஒட்ட வேண்டும். தன் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் அடுத்த ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். கத்துவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. சிஸ்ஸி அதில் கரைகண்டவர், மகளையும் அதே பட்டறையில்தான் போட்டுத் தட்டினார். சொல் தெளிவாக விழவேண்டும், மெட்டு முதலில், அலங்காரம் அப்புறம் என்பதில் கறார். பள்ளிக்கூட வயதிலேயே விட்னி அம்மாவோடு ரெக்கார்டிங்குகளுக்குப் போய்ப் பின்னணி பாடியிருக்கிறார். பாடகி சகா கானுக்குப் பின்னால் ஒலிக்கும் குரல்களில் விட்னியுடையதும் உண்டு.

காஸ்பல் இசை கொடுத்த இன்னொரு பாடம் வேறு வகை. கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் ஒரு பாட்டு எழுதி வைத்தபடி அப்படியே பாடப்படுவதில்லை. மெதுவாக, பேச்சு போல ஆரம்பிக்கும். சபையார் பதில் குரல் கொடுப்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுப் பாடுபவர் ஒரு படி ஏறுவார், மறுபடி ஒரு படி. ஒரே எழுத்தை இழுத்து அதன்மேல் சுரங்களை வரிசையாக உதிர்ப்பார். மெலிஸ்மா என்று அதற்குப் பெயர், நம் கச்சேரிக்காரர்கள் பிருகா என்கிறார்களே, அதற்குத் தூரத்து உறவு. ஆனால் எல்லாமே சபையை ஏற்றிக்கொண்டு போவதற்கான ஏற்பாடு. முதல் அடியிலேயே உச்சத்தைக் கொடுத்துவிட்டால் ஏறுவதற்குப் படி இருக்காது. விட்னியின் பிரபலமான பாடல்களில் பாதியை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

1983-இல் அரிஸ்டா இசைக் கம்பெனியின் தலைவர் கிளைவ் டேவிஸ், நியூயார்க்கில் ஒரு கிளப்பில் அம்மாவோடு பாடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து ஒப்பந்தம் போட்டார். அதற்கு முன்பே விட்னி மாடலிங்கில் பெயர் வாங்கியிருந்தார்; 1981-இல் 'செவன்டீன்' பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது, அந்த அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர். டேவிஸ் அவசரப்படவில்லை. பாடல் தேடி, தயாரிப்பாளர் தேடி, இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். 1985 பிப்ரவரியில் முதல் ஆல்பம் வந்தது. வந்ததும் வெடித்ததா என்றால் இல்லை. முதலிடத்துக்கு ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஏறிய பிறகு மொத்தம் 14 வாரம் அங்கே இருந்தது. 1987-இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. வெளியான வாரமே முதலிடம். அமெரிக்கப் பட்டியலில் ஒரு பெண் கலைஞருக்கு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. இரண்டு ஆல்பங்களிலிருந்தும் வரிசையாக ஏழு சிங்கிள்கள், அதாவது தனியாக வெளியிட்ட பாட்டுகள், முதலிடம் பிடித்தன. பீட்டில்ஸும் பீ ஜீஸும் வைத்திருந்த சாதனை ஆறு.

இங்கே அமெரிக்க இசை வியாபாரத்தின் ஒரு கோணலைச் சொல்லாமல் நகர முடியாது. அப்போது ரேடியோவும் பட்டியலும் நிறத்தால் பிரிந்து கிடந்தன. இது உருவகமாகச் சொல்வதில்லை: பில்போர்டு 1982 முதல் 1990 வரை வெளியிட்ட ஒரு பட்டியலின் பெயரே 'ஹாட் பிளாக் சிங்கிள்ஸ்'. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டு அங்கே முதலில் ஓடி ஜெயிக்கவேண்டும். பிறகு வெள்ளையர் கேட்கும் பாப் நிலையங்களுக்குத் தாண்டவேண்டும். அந்தத் தாண்டலுக்கு 'கிராஸ்ஓவர்' என்று பெயர். டேவிஸ் விட்னியைத் தயாரித்ததே இதற்காகத்தான். அரிஸ்டாவில் அப்போது வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் ஓர் ஆவணப்படத்தில் சொன்னார்: கறுப்பினச் சாயல் தூக்கலாகத் தெரிந்த பாடல்கள் திருப்பி அனுப்பப்பட்டன என்று. காஸ்பல் குரலை வைத்துக்கொண்டு காஸ்பலின் வியர்வையைத் துடைத்துவிட்டார்கள். பளபளவென்று ஓர் இளவரசி கிடைத்தாள்.

அதற்கான விலையை விட்னிதான் கொடுத்தார். 1989 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் சோல் டிரெயின் விருது விழா. கறுப்பின இசைக்கான விழா. பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயரை வாசித்தபோது கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். விட்னி என்ற பெயரையே 'வைட்டி' (வெள்ளைக்காரி) என்று திரித்துக் கேலி செய்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. நியூவர்க்கில் பிறந்து பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்த பெண்ணுக்கு, நீ நம்மவள் இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் அவருடைய முதல் வெற்றிப்பாட்டு அந்த 'பிளாக் சிங்கிள்ஸ்' பட்டியலில்தான் முதலிடம் பிடித்தது. கறுப்பின ரேடியோ அவரைத் தூக்கிவிட்ட பிறகே மற்றவர்கள் கேட்டார்கள். அந்த ஊளைச் சத்தம் அவரை விட்டு கடைசிவரை போகவில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் கணவரான பாடகர் பாபி பிரவுனை அதே விழாவில்தான் சந்தித்தார் என்பது கதையின் இன்னொரு முடிச்சு. 1990-இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு எல்.ஏ. ரீட், பேபிஃபேஸ் என்ற கறுப்பினத் தயாரிப்பாளர் ஜோடியைக் கொண்டுவந்தது தற்செயல் இல்லை.

பிறகு 1991 ஜனவரி 27. ஃபுளோரிடாவின் டாம்பா நகரம், அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள். மைதானத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கெடுபிடியான சோதனை, இருக்கைதோறும் சின்னக் கொடி. ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாட வந்த விட்னி பளபளக்கும் கவுனில் வரவில்லை. வெள்ளை டிராக்சூட், தலையில் ஒரு பட்டை. ஓடப்போகிற பெண் மாதிரி வந்து நின்றார்.

அமெரிக்க தேசிய கீதம் பாடகர்களுக்கு ஒரு பொறி. அதன் மெட்டு ஒன்றரை ஸ்தாயி விரிகிறது. கீழே சற்று உயரமாக ஆரம்பித்துவிட்டால் மேலே போகும்போது குரல் கிழியும். தாளமோ மூன்று தட்டு, வால்ட்ஸ் நடை. டக்-டக்-டக் என்று துரத்திக்கொண்டே இருக்கும், மூச்சு வாங்க இடம் தராது. விட்னியின் இசை இயக்குநர் ரிக்கி மைனரும் இசைக்கோப்பாளர் ஜான் கிளேட்டனும் செய்த வேலை எளிமையானது: மூன்று தட்டை நான்காக்கினார்கள். ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் கூடுதலாக ஒரு தட்டு. அந்த ஒரு தட்டுதான் எல்லாம். அதில் சொல் நீள இடம் கிடைக்கிறது, மூச்செடுக்க நேரம் கிடைக்கிறது, சபையில் பாடுவதுபோல ஒரு வரியை வைத்துவிட்டு அது போய்ச் சேரும் வரை நிற்க முடிகிறது. 1983-இல் ஒரு கூடைப்பந்துப் போட்டியில் பாடகர் மார்வின் கே இதே கீதத்தைக் காதல் பாட்டு மாதிரிக் குழைத்துப் பாடியிருந்தார். விட்னிக்குப் பிடித்த வடிவம் அது. அதற்கும் முன்னால், 1968-இல், பாடகர் ஹோசே ஃபெலிசியானோ தன் பாணியில் பாடியபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். கீதத்தின் மேல் கை வைப்பது அங்கே விளையாட்டு இல்லை.

விட்னி கை வைத்தார், யாரும் கொதிக்கவில்லை. ஏன் என்று அந்த வீடியோவை மறுபடி போட்டுக் கேட்டால் தெரியும். முதல் பாதியில் அலங்காரமே கிடையாது. மெட்டைத் துல்லியமாக, சிரித்த முகத்தோடு, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி பாடிக்கொண்டு போகிறார். கேட்கிறவன் நிம்மதியாகிறான், நம் பாட்டுத்தான் இது என்று. கடைசிக்கு முந்தைய இடத்தில், 'ஃப்ரீ' என்ற சொல்லில் வந்து, எல்லாரும் நிற்கிற சுரத்தில் நிற்காமல் இன்னும் மேலே தாவுகிறார். அது ஒன்றுதான் அவர் எடுத்துக்கொண்ட பெரிய சலுகை. விடுதலை என்ற பொருள் தரும் சொல். அதைப் பாடுகிறவர் ஒரு கறுப்பினப் பெண். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த மைக் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே பதிவு செய்ததைத்தான் ஒலிபரப்பினார்கள் என்று பிறகு ஒரு சலசலப்பு வந்தது. உண்மைதான். திறந்த மைதானம், எதிரொலி, தலைக்கு மேல் பறக்கும் போர் விமானங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பதிவை ஓடவிடுவது வழக்கமான ஏற்பாடு. பதிவில் இருந்ததும் அவர் குரல்தான். அந்தக் கீதம் சிங்கிளாக வெளிவந்து முதல் 20 இடங்களுக்குள் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மறுபடி வெளியிட்டபோது ஆறாம் இடம் வரை போனது. ஒரு நாட்டின் தேசிய கீதம் பாப் பட்டியலில் ஏறுவதெல்லாம் சாதாரண நடப்பில்லை.

இப்போது முக்கால் நிமிடத்துக்குத் திரும்பலாம். அந்தப் பாட்டு விட்னியுடையது இல்லை. 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகி டாலி பார்ட்டன் 1973-இல் எழுதியது. போர்ட்டர் வேகனர் என்ற தன் மேடைக் கூட்டாளியை விட்டுப் பிரியும்போது, சண்டை போடாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்து எழுதிய பாட்டு. எல்விஸ் அதைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளர் பாட்டின் உரிமையில் பாதி கேட்டார். டாலி அழுதுகொண்டே மறுத்தார். 'பாடிகார்டு' படத்தில் முதலில் வேறொரு பழைய பாட்டைத்தான் பயன்படுத்துவதாக இருந்தது. அது வேறு படத்தில் வந்துவிட்டதால் காஸ்ட்னர் இதைக் கொண்டுவந்தார். தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் லிண்டா ரான்ஸ்டட் பாடிய வடிவத்தை வைத்து வேலை தொடங்கினார், அதில் கடைசிச் சரணம் இல்லை. டாலிதான் போனில் அதைச் சொல்லி, விட்டுப்போன வரிகளைக் கொடுத்தார். நல்லவேளை. 'நீ நன்றாக இரு' என்று வாழ்த்துகிற சரணம் அது. அது இல்லாவிட்டால் பாட்டு வெறும் பிரிவுப் புலம்பலாக நின்றிருக்கும்.

டாலியின் பதிவு ஒரு கிராமத்துப் பெண் வாசலில் நின்று விடைபெறுவதுபோல இருக்கும்: மெல்லிசு, நடுக்கம். விட்னி அதைச் சபைக்குக் கொண்டுபோனார். வாத்தியமில்லாத தொடக்கத்தில் 'ஐ' என்ற ஒற்றை எழுத்துச் சொல்லை, 'நான்' என்பதை, எப்படி வளைக்கிறார் என்று பாருங்கள். மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றாக வாத்தியங்கள் வருகின்றன. கிர்க் வேலமின் சாக்ஸஃபோன் வந்து போகிறது. மூன்றாம் சரணம், அந்த வாழ்த்து, மறுபடி தணிந்த குரலில். அப்புறம் ஒரு நிசப்தம். ஒரு நொடி, இரண்டு நொடி. டிரம்மில் ஒரே ஓர் அடி விழுகிறது, சுருதி ஒரு படி ஏறுகிறது, குரல் திறந்துகொள்கிறது. போட்டிகளில் பாடுகிறவர்கள் அந்தத் திறப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்று நிமிடம் சேர்த்து வைத்ததை விட்டுவிடுகிறார்கள். உண்டியலில் போடாமல் உடைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

காரில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவில் அதைக் கேட்டதாகவும், விபத்தாகிவிடுமோ என்று வண்டியை ஓரங்கட்டியதாகவும் டாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு கொடுத்த பணத்தில் நாஷ்வில் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டடத்தொகுதி வாங்கியதாகவும், விட்னி கட்டிய வீடு என்றே அதை நினைப்பதாகவும் 2021-இல் சொன்னார். பாட்டின் உரிமையில் பாதியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அப்படிப் பலித்தது.

படத்தின் இசை ஆல்பம் உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. 1994-இல் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம். அதே ஆண்டு நவம்பரில் நிறவெறி ஆட்சி ஒழிந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய் டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் நகரங்களில் பாடினார். மண்டேலா சிறையிலிருந்தபோது, 1988-இல், லண்டன் வெம்ப்ளியில் நடந்த அவருடைய 70-ஆவது பிறந்தநாள் இசைவிழாவிலும் பாடியவர்தான். 1996-இல் 'தி பிரீச்சர்ஸ் வைஃப்' படத்துக்காக ஒரு காஸ்பல் ஆல்பம். வியாபாரிகள் துடைத்தெடுத்ததை அவரே திரும்பக் கொண்டுவந்து வைத்தார், அது உலகிலேயே அதிகம் விற்ற காஸ்பல் ஆல்பம் என்று பெயர் வாங்கியது.

அடுத்தது நடந்ததை எல்லாரும் அறிவார்கள், அதில் நான் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. 1992-இல் பாபி பிரவுனோடு கல்யாணம், 1993-இல் மகள் பாபி கிறிஸ்டினா, 2007-இல் விவாகரத்து. கணவன்தான் கெடுத்தான் என்ற கதை பத்திரிகைகளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் போதைப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று நெருங்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள். பதினாறு பதினேழு வயதிலிருந்து உயிர்த்தோழியாக இருந்த ராபின் கிராஃபோர்டு 2019-இல் எழுதிய நினைவுக் குறிப்பில், தங்களுக்குள் ஆரம்பத்தில் உடல்ரீதியான உறவும் இருந்தது, இசை ஒப்பந்தம் வந்த காலத்தில் விட்னி ஒரு பைபிளைக் கையில் கொடுத்து அதை முடித்துக்கொண்டார் என்று சொல்கிறார். சபை ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். 2002-இல் அப்பாவின் பெயரிலிருந்த கம்பெனி மகள்மேல் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அடுத்த வருடமே அப்பா போய்விட்டார்.

குரல் போனதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 2009-இல் வந்த கடைசி ஆல்பம் முதலிடத்தில்தான் இறங்கியது. ஆனால் 2010 உலகச் சுற்றுப்பயணத்தில் பிரிஸ்பேன் நகரில் ரசிகர்கள் பாதியில் எழுந்து போனார்கள். உயரங்கள் போய்விட்டன என்று எழுதினார்கள். உயரம் போவது எந்தப் பாடகிக்கும் நடப்பது. தணிந்த ஸ்தாயியில் பாடி நிறையப் பேர் இன்னும் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். அவருக்குப் போனது மூச்சு. அவர் கலையே மூச்சை எங்கே வைத்திருப்பது, எங்கே விடுவது என்பதில்தான் நின்றது. சிகரெட்டும் கொக்கெயினும் அரித்தது நேராக அந்த இடத்தை.

விட்டுப்போனது என்ன? எண்ணிக்கைக்காரர்களுக்கு: ஆறு கிராமி, பில்போர்டில் பதினொரு முதலிடப் பாடல்கள், அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதி தாண்டியதற்கான டைமண்ட் சான்று பெற்ற மூன்று ஆல்பங்கள் (ஒரு கறுப்பினக் கலைஞருக்கு இது முதல்முறை), 2020-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். காதுள்ளவர்களுக்கு: மரையா கேரி, செலின் டியான், கிறிஸ்டினா அகிலேரா, ஜெனிபர் ஹட்சன், பியான்சே என்று அவர் திறந்துவிட்ட வாசல் வழியாக வந்த ஒரு பெரிய வரிசை. 2002-இல் 'அமெரிக்கன் ஐடல்' என்ற டிவி பாட்டுப் போட்டி தொடங்கியதும், விட்னி பாட்டை எடுக்காதே, மாட்டிக்கொள்வாய் என்பது போட்டியாளர்களுக்கு நடுவர்கள் சொல்லும் வாடிக்கையான எச்சரிக்கையானது. ஒரு தலைமுறைப் பாப் பாடகர்கள் ஒவ்வொரு சொல்லையும் பத்துச் சுரமாக உதிர்க்கக் கற்றார்கள். அதில் பெரும்பகுதி காதுக்கு இரைச்சல்தான், அந்தப் பழியை விட்னிமேல் போடுகிறவர்களும் உண்டு. அவர் எத்தனை வரிகளைச் சும்மா விட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

குரல் இன்னும் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறது. 1990-இல் ஜப்பான் வெளியீட்டுக்காக மட்டும் சேர்த்திருந்த ஒரு பதிவை எடுத்து, நார்வேயைச் சேர்ந்த டி.ஜே. கைகோ 2019-இல் புதுத் தாளம் சேர்த்து வெளியிட, பல நாடுகளில் ஹிட்டானது. 2020-இல் ஹோலோகிராம் உருவத்தை மேடையேற்றி டிக்கெட் விற்றார்கள். ஒளியால் செய்த ஓர் உருவம் மூச்சு வாங்குவதுபோல நடிப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

2012 பிப்ரவரி 9 இரவு, ஹாலிவுட்டில் ஒரு கிளப்பில் தோழி கெல்லி பிரைஸ் பாடிக்கொண்டிருந்தபோது விட்னி மேடையேறி இரண்டு வரி சேர்ந்து பாடினார். ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் பாட்டு, இயேசு என்னை நேசிக்கிறார் என்பது. பொது இடத்தில் அவர் பாடியது அதுவே கடைசி. இரண்டு நாள் கழித்து, கிராமி விழாவுக்கு முந்தைய நாள், பெவர்லி ஹில்டன் ஓட்டல் அறையின் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 48. நீரில் மூழ்கியதால் மரணம், இதயநோயும் கொக்கெயினும் கூடுதல் காரணங்கள் என்றது பிரேதப் பரிசோதனை. அன்று மாலை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளைவ் டேவிஸின் வருடாந்திர விருந்து திட்டமிட்டபடி நடந்தது. மூன்று வருடம் கழித்து மகளையும் அதே மாதிரி ஒரு குளியல் தொட்டியில்தான் நினைவிழந்த நிலையில் கண்டெடுத்தார்கள். ஆறு மாதம் கிடந்து, 22 வயதில் போய்ச் சேர்ந்தாள்.

பிப்ரவரி 18 அன்று இறுதி ஆராதனை. பெரிய அரங்கம் எதுவும் வேண்டாம் என்று குடும்பம் நியூவர்க்கின் அதே நியூ ஹோப் பாப்டிஸ்ட் சபைக்குக் கொண்டுபோனது. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். ஸ்டீவி வொண்டர் பாடினார், அலிஷா கீஸ் பாடினார், சபையின் பாடகர் குழு பாடிக்கொண்டே இருந்தது. கெவின் காஸ்ட்னர் எழுந்து, படத்துக்கான ஸ்கிரீன் டெஸ்ட் நாளில் அந்த உலக அழகி, நான் போதுமா, நான் அழகாக இருக்கிறேனா என்று பயந்துகொண்டிருந்ததைச் சொன்னார். அத்தனை நேரமும் அந்தச் சபையில் ஒலித்ததெல்லாம் மற்றவர்களின் குரல். பெட்டியைத் தோளில் தூக்கிய பிறகுதான் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது, அந்தப் பாட்டு. பெட்டி நடைபாதை வழியாக வாசலை நோக்கி நகர, இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, சிஸ்ஸி அதன் பின்னால் நடந்தார்.